மூன்றாவது சரணம்

ஆயுத பூசை மத்தியானம் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த அமைதி எவ்வளவு பொல்லாதது என்று. வருடம் முழுக்க லேத்தும் டிரில்லும் கிரைண்டரும் காதைக் கிழிக்கிற தெருக்கள் அவை. அன்றைக்கு மட்டும் ஷட்டர்கள் பாதி இறங்கியிருக்கும். உள்ளே இருட்டில் மிஷின்கள் நெற்றியில் குங்குமமும் கழுத்தில் சாமந்தி மாலையுமாகச் சும்மா நிற்கும். வாசலுக்கு வாசல் உடைத்த பூசணிக்காய். குங்குமம் ஊறிய அதன் சதை வெயிலில் வெந்து, ஒரு புளித்த வாடை தெருவெங்கும் தொங்கிக்கொண்டிருக்கும். நாய்கள்கூட முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய்விடும்.

உத்தமனுக்கு அந்த அமைதிதான் வேண்டியிருந்தது. அதற்காகவே 1997-ம் வருடத்து ஆயுத பூசையைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தான்.

கொரட்டூர்க்காரன் அவன். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். நாய் படாத பாடு பட்டு, ஒரு டி.வி.க்காரனிடம் தீபாவளி காலையில் அரை மணி நேரம் வாங்கியிருந்தான். "தகரத் தாளம்" என்ற கேசட் உருவான கதையை அவன் படமாக எடுத்துக் கொடுக்க வேண்டும். நன்றாக வந்தால் அவன் டைரக்டர். சொதப்பினால் ஆயுசுக்கும் மாப்பிள்ளை மாலை மாற்றுவதையும், பந்தியில் பெரியவர்கள் பாயசம் குடிப்பதையும் எடுத்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதான்.

அந்தக் கேசட்டைத் தெரியாதவர்கள் அப்போது இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. எண்பத்தாறில் வந்தது. பாடியவன் டிஸ்கோ குணா என்கிற குணசேகரன். அப்போது அவன் எஸ்டேட்டில் தகரம் வெட்டுகிற ஷெட் ஒன்றில் கூலி. மேளம் கிடையாது, கீபோர்டு கிடையாது. மேலிருந்து இரும்புத் தலை இறங்கித் தகரத்தை வெட்டுகிற பவர் பிரஸ் மிஷினை ஓடவிட்டு, அதன் அடியையே தாளமாக வைத்துப் பாடினான். ஆவடி மார்க்கெட்டில் ஆரம்பித்த பாட்டு, பூந்தமல்லி பஸ்ஸில் ஏறி, பாடி ஆட்டோ ஸ்டாண்டில் இறங்கி, முகப்பேர் டீக்கடை வரைக்கும் போனது. பிறகு சினிமாக்காரர்கள் அந்த இரும்புச் சத்தத்தைக் கூச்சமே இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்த ஒரு அடியை மட்டும் யாராலும் திரும்பப் போட முடியவில்லை.

இரண்டாவது சரணம் முடிந்ததும் தாளம் ஒரு தடவை நிற்கும். ஒரு மூச்சு விடுகிற அளவு மௌனம். அப்புறம் கனமாக, கொஞ்சம் ஈரமாக, ஒரே ஒரு அடி. குணா "ஏய்!" என்று கத்துவான். உடனே பிரஸ் பழையபடி ஓட, மூன்றாவது சரணம் வரும். அந்த அடிக்குச் சரியாகக் கை தட்டாத இளவட்டம் மெட்ராஸில் கிடையாது. உத்தமன் காலேஜுக்குப் போன காலத்தில் கை சிவக்கத் தட்டியிருக்கிறான். அவன் படத்தின் உயிரே அந்த அடி எப்படி வந்தது என்பதுதான்.

"வேற நாள் பாரு உத்தமா, அன்னிக்கு மட்டும் வேணாம்" என்று குணா முதலில் மறுத்தான். உத்தமன் விடவில்லை. மற்ற நாளில் அந்தத் தெருவில் மைக் வைத்தால் பேட்டியா கேட்கும்? கடைசியில் தீபாவளி என்ற வார்த்தைதான் குணாவை மடக்கியது. மார்க்கெட் போய் நாலு வருடம் ஆன பாடகன் வேறு என்ன செய்வான்?

ஆயுத பூசை மத்தியானம் குணா வெள்ளை மாருதியில் வந்து இறங்கினான். கறுப்புக் கண்ணாடி, கறுப்பு ஜாக்கெட், முன்னால் தள்ளிய தொப்பை. இரண்டு கைகளும் ஜாக்கெட் பாக்கெட்டில். மேடையிலும் அப்படித்தான் நிற்பான். ஊரே அதை ஸ்டைல் என்று காப்பி அடித்தது.

ஷெட் தெருக்கோடியில் இருந்தது. ஷட்டரைத் தூக்கினார்கள். கிரீஸ் வாடை, கற்பூர வாடை, அதற்கும் அடியில் பழைய துருவின் வாடை. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாகத் தரையில் விழுந்துகிடந்தது. கடைசியில், சுவரை ஒட்டி, அந்த பிரஸ். ஆள் உயரச் சக்கரம், இடுப்பு உயரத்தில் தகரம் வைக்கிற மேடை, கீழே பெடல். புது மாலை போட்டிருந்தது.

பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். முன்தலை மட்டும் வெள்ளை வெளேரென்று நரைத்திருந்தது.

"யாருண்ணே?" என்றான் உத்தமன்.

"கன்னியம்மா. இங்க என்னோட வேலை செஞ்சான் வேம்புலின்னு ஒருத்தன், அவன் சம்சாரம்." குணா அவள் பக்கம் பார்க்காமலே சொன்னான். "வருசா வருசம் வந்து மிஷினுக்குப் பொட்டு வெச்சிட்டுப் போவும். பாவம்."

கேமராமேன் மனோகரன் முக்காலியை நட்டுக்கொண்டே அவள் மடியிலிருந்த தட்டைப் பார்த்தான். பொரி, கடலை, எலுமிச்சம்பழம். நடுவில் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை, அதற்கும் ஒரு பொட்டு.

"இன்னாம்மா, பியூஸை புடுங்கித் தட்டுல வெச்சிக்கினு கீறே?"

"மிஷினைப் படுக்க வெச்சாச்சு இல்ல நைனா" என்றாள் அவள். "நாளைக்குக் காலைலதான் எழுப்பணும். நடுவுல எவனாவது எழுப்பிட்டா? அதான் என் மடியிலயே வெச்சிக்கிறது."

நல்ல ஷாட் கிடைத்தது என்று உத்தமன் சந்தோஷப்பட்டான். அந்த நேரத்தில் அவன் புத்தி அவ்வளவுதான் ஓடியது.

குணாவை பிரஸ்ஸுக்கு முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. குணா வாயைத் திறந்தானோ இல்லையோ, அளக்க ஆரம்பித்துவிட்டான். சின்ன வயதிலேயே தாளம் ரத்தத்தில் ஊறியதாம். கண்ணை மூடினால் அடி விழுமாம். அந்த அடியும் அப்படி விழுந்ததுதானாம்.

"மிஷினை ஓட்டினது யாருண்ணே?"

"யாரோ ஒரு பையன். ஞாபகம் இல்லை."

கன்னியம்மா தட்டிலிருந்து ஒரு பொரியை எடுத்து வாயில் போட்டு மென்றாள். அந்தச் சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது.

உத்தமன் டூ-இன்-ஒன்னைத் தரையில் வைத்து கேசட்டைப் போட்டான். பாட்டைக் கேட்கும்போது குணாவின் முகம் எப்படி மாறுகிறது என்று எடுக்க வேண்டும். பாட்டு பிறந்த ஷெட்டிலேயே பாட்டு ஒலித்தது.

*தட்டு தட்டு தகரத்தைத் தட்டு மாமே,*
*பட்டறையில மேளம் கொட்டு மாமே...*

முதல் சரணம் போனது. இரண்டாவதும் போனது. தாளம் நின்றது. அடி விழுந்தது.

உத்தமனும் மனோகரனும் பழக்க தோஷத்தில் கை தட்டினார்கள்.

மூன்றாவதாக ஒரு தட்டல் கேட்டது.

அது கை தட்டுகிற சத்தம் இல்லை. உள்ளங்கை இல்லாத எதையோ ஒன்றோடு ஒன்று மோதினால் வருகிற மொத்தென்ற சத்தம். பிரஸ்ஸுக்குப் பின்னாலிருந்து வந்தது.

உத்தமன் சட்டென்று பாட்டை நிறுத்தினான்.

"இன்னொரு தபா தட்டுங்க" என்றாள் கன்னியம்மா. "ஊரே தட்டுதே, அவனுக்கும் ஆசை இருக்காதா? தட்டத்தான் கை இல்லை."

"தங்கச்சி, சும்மா இரு" என்றான் குணா.

"பதினோரு வருசமா சும்மாதான் கீறேன் அண்ணாத்தே." அவள் உத்தமன் பக்கம் திரும்பினாள். "நீ கேட்டியே சாரே, மிஷினை ஓட்டினது யாருன்னு. என் ஊட்டுக்காரன். இதே மாதிரி ஆயுத பூசை. பூசை போட்டு மிஷினைப் படுக்க வெச்சது அவன்தான். இவன் வந்து நின்னான். மச்சான், இன்னிக்கு ஒரு நாள்தான் தெரு சும்மா இருக்கும், இன்னிக்கு வுட்டா டேப்ல புடிக்க முடியாது, ஓட்டு மச்சான்னான். படுத்ததை எழுப்பக் கூடாதுடான்னான் என் ஊட்டுக்காரன். இவன் கேட்டானா?"

குணா எழுந்திருக்கப் பார்த்தான். ஸ்டூல் தரையில் உராய்ந்ததே தவிர அவன் எழவில்லை.

"நான் பொரி எடுத்துக்கினு வந்தேன். வாசல்ல வரப்பவே பாட்டு கேட்டுச்சு. உள்ள வந்து பார்த்தா என் ஊட்டுக்காரன் தோ, இங்க, நான் குந்திக்கினு கீறனே, இங்கதான் கிடந்தான். மணிக்கட்டுக்குக் கீழ ரெண்டும் இல்லை. அப்ப உசுரு இருந்துச்சு. கண்ணு தொறந்து இருந்துச்சு. இவன் அவனைப் பார்த்துக்கினே மூணாவது சரணம் பாடறான்."

கூரைத் தகரம் வெயிலில் முறுக்கிக்கொண்டு படக்கென்று ஒலித்தது.

"பாட்டு முடியறப்ப ஒரு பொம்பளை குலவை போடற மாதிரி வருமே, கேட்டிருப்பியே?" என்றாள்.

உத்தமன் தலையாட்டினான். அதைப் பற்றிக்கூட ஒரு பத்திரிகைக்காரர் ஆகா ஓகோ என்று எழுதியிருந்தார்.

"அது நான்தான்."

உத்தமனுக்குக் கை சிவக்கத் தட்டிய ஒவ்வொரு தடவையும் நினைவில் வந்து காறித் துப்பியது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவிலேயே, இதெல்லாம் டேப்பில் பதிகிறது, தீபாவளிக்கு ஊரே அதிரும் என்று ஒரு குரலும் கேட்டது. அந்தக் குரலையும் அவன் துரத்தவில்லை.

"பாட்டு முக்கியம்னு பாடலை தங்கச்சி" என்றான் குணா. குரல் உடைந்து, மேடைக் குணா எங்கேயோ போய், பழைய தகரக் கூலிக்காரன் பேசினான். "சத்தியமா சொல்றேன். அவன் வுழுந்த உடனே நிறுத்திட்டு ஓடியாரத்தான் திரும்பினேன். மிஷின் நிக்கலை. பெடல்ல யாரும் இல்லை. அது பாட்டுக்கு அடிச்சிக்கினு இருந்துச்சு. தாளம் தப்பாம. பாட்டை நிறுத்தினா என்னையும் கூப்டும்னு தோணுச்சு. அந்தப் பயத்துல பாடினேன்."

"பாடினே. சரி. அப்பால அதையே கொண்டுபோய் வித்தியே, அதுவும் பயத்துலயா?"

குணா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அப்போது சக்கரம் அசைந்தது.

முதலில் மாலையிலிருந்து ஒரு சாமந்தி உதிர்ந்தது. பிறகு இன்னொன்று. ஆள் உயர இரும்புச் சக்கரம் தூக்கத்தில் புரளுவதுபோலக் கால் சுற்று சுற்றி நின்றது. மறுபடி சுற்றியது. இந்தத் தடவை நிற்கவில்லை.

பியூஸ் கட்டை கன்னியம்மாவின் மடியில்தான் இருந்தது. பொட்டு கலையாமல் இருந்தது.

பெடல் தானாகக் கீழே இறங்கியது.

டக்.

இரும்புத் தலை இறங்கி ஏறியது. மேலே பல்லி ஒன்று பதறி ஓடியது.

டக். டக்.

"நீ பண்றதா இதெல்லாம்?" என்று உத்தமன் அவளிடம் கிசுகிசுத்தான்.

"நான் வருசா வருசம் தூங்க வெச்சிட்டுப் போறவ" என்றாள் அவள். "எழுப்பினது நீங்க."

குணா பாட ஆரம்பித்தான். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. முதல் வரியைப் பிடித்தான். பிரஸ் அவனுக்குத் தாளம் போட்டது. கேசட்டில் கேட்ட அதே தாளம். இளமையில் இருந்த குரல் எங்கிருந்தோ திரும்பி வந்திருந்தது. பதினோரு வருடமாக அவன் அப்படிப் பாடியதில்லை. கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

பாடிக்கொண்டே எழுந்து பிரஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றான். தகரம் வைக்கிறவன் நிற்கிற இடம் அது.

பாக்கெட்டிலிருந்து அவன் கைகள் மெல்ல வெளியே வந்தன.

அவன் எடுக்கவில்லை. தோள் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கைகள் மட்டும், யாரோ விரல்களைப் பிடித்து அழைத்துப் போவதுபோல, முன்னால் போய்க்கொண்டிருந்தன.

"உத்தமா" என்றான் இரண்டு வரிகளுக்கு நடுவில். "புடிச்சி இஸ்துக்க. உத்தமா."

உத்தமன் நின்ற இடத்திலிருந்து எட்டிப் பிடித்துவிடலாம். ஜாக்கெட்டைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும்.

கன்னியம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிறுத்தணும்னா நீ நிறுத்து. அன்னிக்கு இவன் நிறுத்தலை. நீயாவது நிறுத்து."

இரண்டாவது சரணம் நடந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டே வரி. அதற்குப் பிறகு அந்த அடி. எந்த மனிதனும் எடுத்திராத படம். உத்தமனுக்குக் கை எழுந்தது. எழுந்த கை பாதியில் நின்றது.

திரும்பாமலே, "மனோகரா, நிறுத்தாதே, ஓடட்டும்" என்றான்.

தாளம் நின்றது.

ஒரு மூச்சு விடுகிற அளவு மௌனம்.

கேசட்டில் ஈரமாகக் கேட்ட அந்த அடி, நேரில் இன்னும் ஈரமாகக் கேட்டது.

குணா "ஏய்!" என்றுதான் கத்தினான்.

அதற்குப் பிறகு நடந்தது உத்தமனுக்குக் கோர்வையாக நினைவில்லை. பிரஸ் ஓடிக்கொண்டிருந்ததும், யாரோ மூன்றாவது சரணத்தைப் பாடியதும் நினைவிருந்தது. கன்னியம்மா தட்டை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெயிலுக்குள் இறங்கிப் போனதும் நினைவிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே குணா உயிரை விட்டான். பியூஸே இல்லாத மிஷின் எப்படி ஓடியது என்று போலீஸ்காரர்கள் இரண்டு தடவை கேட்டார்கள். பிறகு மிஷின் கோளாறு என்று முடித்துவிட்டார்கள். டி.வி.க்காரன் துக்கம் விசாரிக்க போன் பண்ணினான். துக்கத்தோடு துக்கமாக, அரை மணியை ஒரு மணி ஆக்கிக்கொள்ளச் சொன்னான். செத்த பாடகனுக்கு எப்போதும் மவுசு ஜாஸ்திதான்.

உத்தமன் தனியாக எடிட்டிங் ரூமில் உட்கார்ந்து டேப்பை ஓட்டினான். மனோகரனைக் கூப்பிட்டதற்கு வர மாட்டேன் என்றுவிட்டான்.

"உன் வேலையை நீயே பார்க்காம வேற யார் பார்ப்பா? கடைசி வரைக்கும் எவ்ளோ அழகா எடுத்திருக்கே" என்று உத்தமன் போனில் கெஞ்சினான்.



"இன்னாடா பேசறே?" என்றான் மனோகரன். "சக்கரம் சுத்தினப்பவே நான் வெளிய ஓடிட்டேன். தெருமுனையில வாந்தி எடுத்துக்கினு இருந்தேன். கேமரா கிட்ட யாருமே இல்லை."

உத்தமன் போனை வைத்தான். திரையில் டேப் ஓடிக்கொண்டிருந்தது.

குணாவின் முகம். கேமரா நிதானமாக இறங்கி, பாக்கெட்டிலிருந்து வெளியே வரும் கைகளைப் பிடித்தது. கைதேர்ந்த ஆள் எடுத்ததுபோல இருந்தது. இரும்புத் தலைக்குக் கீழே கைகள் போகும் வரைக்கும் கூடவே போனது. அடி விழுந்தது.

பிறகு கேமரா குணாவை விட்டுவிட்டுத் திரும்பியது.

எதையோ தேடுவதுபோல ஷெட்டின் சுவரில் ஊர்ந்து, கன்னியம்மாவைத் தாண்டி, உத்தமனிடம் வந்து நின்றது.

மூன்றாவது சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தது அவனேதான்.

*கூலிக்கு வந்த கையி ரெண்டு,*
*கும்மாளம் போடுது தாளம் கண்டு...*

கண் விரியத் திறந்து, குணா விழுந்துகிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு வார்த்தை தப்பாமல் பாடிக்கொண்டிருந்தான். கேமரா அவன் முகத்திலிருந்து கீழே இறங்கியது. தட்டிக்கொண்டிருந்த அவன் இரண்டு கைகளிலும் போய் நிலைத்தது. டேப் தீரும் வரைக்கும் அங்கிருந்து நகரவில்லை.

அப்போதாவது அந்த டேப்பை அவன் கொளுத்தியிருக்கலாம். கொளுத்தவில்லை. தான் வருகிற இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தான்.

தீபாவளி காலை. எண்ணெய்த் தலையோடு கொரட்டூர் தெருவே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. உத்தமன் மட்டும் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில், புதுப் பேன்ட்டின் பாக்கெட்டுகளில் இரண்டு கைகளையும் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வாரமாக அப்படித்தான் இருந்தான். ஸ்டைலா என்று மனைவிகூடக் கேலி செய்தாள்.

வீட்டுக்கு வீடு அதே பாட்டு. இரண்டாவது சரணம் முடிந்தது. தாளம் நின்றது. அடி விழுந்தது. தெருவே ஒரே கையாகத் தட்டியது.

அந்த நொடியில் கரண்ட் போனது. டி.வி.க்கள் எல்லாம் சேர்ந்தாற்போல அணைய, தெருவில் ஒரு சலிப்புக் குரல் எழுந்து அடங்கியது. வெடிச் சத்தம்கூட நின்றிருந்தது.

டக்.

சமையலறைப் பக்கமிருந்து வந்ததா, கட்டிலுக்கு அடியிலிருந்தா, தெரியவில்லை.

டக். டக்.

புளித்த பூசணிக்காய் வாடை அடித்தது. உத்தமன் வாயை இறுக மூடிக்கொண்டான். மூடிய வாய்க்குள்ளேயே முதல் வரி எழுந்து நாக்கில் வந்து நின்றது.

பாக்கெட்டிலிருந்து அவன் கைகள் மெல்ல வெளியே வந்தன.